கோடைக்கு மட்டும் ஒரு வேலை: குற்றால மலையில் தீ அணைப்பவர்களின் வரலாறு

குற்றாலம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? சாரல், அருவி, எண்ணெய்க் குளியல், மங்குஸ்தான் பழம், செங்கோட்டைப் பக்கம் போய்ச் சாப்பிடும் பார்டர் புரோட்டா... இதெல்லாம் ஆனி, ஆடி, ஆவணி மாதத்துக் குற்றாலம். மாசி, பங்குனியில் வந்து பாருங்கள். பேரருவியில் பாறைதான் தெரியும். ஐந்தருவியில் ஐந்து கிளையும் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கடைகள் பாதி மூடியிருக்கும். "சீசன் இல்லை" என்று சொல்லி விடுவார்கள்.

ஆனால் அதே மாதங்களில்தான் மலைக்கு மேலே இன்னொரு சீசன் நடக்கும். அதற்குப் பெயர் தீ சீசன். தென்காசிக்காரர்கள் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் சில இரவுகளில் மலைமேல் ஆரஞ்சு நிறத்தில் வளைந்து வளைந்து ஒரு கோடு தெரியும். "மலை எரியுது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுக்கப் போய் விடுவோம். மறுநாள் செய்தித்தாளில் நாலு வரி வரும்: "வனத்துறையினர் பச்சை மரக்கிளைகளைக் கொண்டு போராடித் தீயை அணைத்தனர்."

அந்த "வனத்துறையினர்" யார்? அவர்களில் பெரும்பாலோர் சீருடை போட்ட அதிகாரிகள் இல்லை. கோடைக்கு மட்டும் தினக்கூலிக்கு எடுக்கப்படும் அடிவாரத்து ஊர்க்காரர்கள். தீத்தடுப்புக் காவலர் என்று பெயர். இந்த வேலைக்கு 150 வருட வரலாறு உண்டு. காட்டைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் புலி வரும், யானை வரும், தேக்கு வரும், வெள்ளைக்கார அதிகாரியின் படம் கூட வரும். இவர்கள் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மலை ஏன் எரிகிறது?

முதலில் கொஞ்சம் புவியியல். தென்காசிக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவுப் பக்கம் ஒரு இடைவெளி இருக்கிறது. செங்கோட்டைக் கணவாய் என்போம். ஜூன் மாதம் கேரளாவில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் அந்த இடைவெளி வழியாகத்தான் ஈரக்காற்று நம் பக்கம் நுழைந்து சாரலாகத் தூவுகிறது. பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆக மலைக்கு இரண்டு மழை. புல் ஆள் உயரத்துக்கு வளர இது போதும்.

ஜனவரிக்குப் பிறகு மழை நின்று விடுகிறது. பிப்ரவரியில் புல் மஞ்சளாகி, மார்ச்சில் வைக்கோல் மாதிரி ஆகிவிடும். இலையுதிர் மரங்கள் தரை முழுக்கச் சருகு கொட்டும். இந்தச் சரிவுகளில் வளரும் போதைப்புல் வகையில் இயற்கையாகவே எண்ணெய்ச் சத்து உண்டு. தைலம் காய்ச்சுகிற அளவுக்கு எண்ணெய் உள்ள புல் காய்ந்து நின்றால் எப்படிப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"மூங்கில் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கும்" என்று சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். கதையாகக் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் இந்தியக் காடுகளில் பிடிக்கும் தீயில் மிகப் பெரும்பான்மை மனிதக் கையால் வருவது. அணைக்காமல் போட்ட பீடி, சமைத்துவிட்டு அப்படியே விட்ட அடுப்பு, தேன் எடுக்கக் கொண்டு போன பந்தம், புதுப்புல் முளைக்கட்டும் என்று மாட்டுக்காரர் வைத்த நெருப்பு, பட்டா நிலத்தில் குப்பை எரித்தது காற்றில் மேலே ஏறியது. சில நேரம் வேண்டுமென்றே வைப்பதும் உண்டு.

இன்னொன்று. ஹாலிவுட் படத்தில் வருவது போல மரத்தின் உச்சிக்கு உச்சி தாவும் தீ நம் ஊரில் அபூர்வம். நம்முடையது தரைத்தீ. புல்லையும் சருகையும் தின்று கொண்டு தரையோடு ஓடும். உயரம் குறைவு என்பதால் கிளையால் அடித்து அணைக்க முடிகிறது. ஆனால் இதற்கும் ஒரு குணம் உண்டு. சமவெளியில் மெதுவாகப் போகும் தீ மேட்டில் ஏறும்போது ஓட ஆரம்பிக்கும். சரிவில் சுவாலை மேலே உள்ள புல்லுக்கு அருகில் சாய்ந்து, பற்றும் முன்பே அதைச் சூடாக்கி வைத்துவிடுகிறது. 10 டிகிரி சரிவு கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. குற்றால மலையின் சரிவு எப்படி என்று செண்பகாதேவி அருவிக்கு ஏறியவர்களுக்குத் தெரியும்!

நெருப்பு பகையாக இல்லாத காலம்

ஒரு காலத்தில் மலைவாசிகளுக்கு நெருப்பு ஒரு கருவி. சங்க இலக்கியத்தின் குறிஞ்சி நிலத்தில் காட்டை வெட்டிச் சுட்டுத் தினை விதைப்பது சாதாரணக் காட்சி. புனம் என்ற சொல்லே அப்படிப்பட்ட மலைக்கொல்லையைக் குறிப்பதுதான். கொஞ்ச வருடம் விதைப்பார்கள், பிறகு அந்த இடத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறு இடம் போவார்கள்.

எங்கே, எப்போது, எவ்வளவு சுடலாம் என்ற அறிவும் இதோடு சேர்ந்தே இருந்தது. இதற்கு நன்றாக ஆராயப்பட்ட உதாரணம் கொஞ்சம் வடக்கே, கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் இருக்கிறது. அங்குள்ள சோளிகர் பழங்குடியினர் கோடை முற்றுவதற்கு முன்பே, சருகு முழுவதும் காயாதபோதே, சின்னச் சின்னதாகத் தரைத்தீ வைப்பார்கள். அதற்கு அவர்கள் மொழியில் "தரகு பெங்கி", அதாவது சருகு நெருப்பு என்று பெயர். எரிபொருள் குறைந்துவிடுவதால் பிறகு பெரிய தீ வராது. 1970களில் அந்த மலை சரணாலயமாகி, தீ வைப்பது முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. அதன் பிறகு உண்ணிச்செடி புதர் புதராகப் பெருகி, நெல்லி போன்ற மரங்களின் கன்றுகள் தலையெடுக்கவில்லை, இப்போது வரும் தீ முன்பைவிடச் சூடாக எரிகிறது என்று சோளிகர்கள் சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களும் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் இதை வைத்து "எல்லா மலையையும் கொளுத்தலாம்" என்று சொல்லிவிட முடியாது. குற்றால மலையில் ஓடை ஓரங்களிலும் உயரத்திலும் பசுமைமாறாக் காடு இருக்கிறது. அந்த மரங்கள் நெருப்புக்குப் பழகியவை அல்ல. தோல் மெல்லியது. ஒருமுறை தீ உள்ளே புகுந்தால் ஓரத்து மரங்கள் செத்து, அந்த இடத்தில் புல் ஏறி, அடுத்த வருடம் தீ இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். ஒரே மலையில் நெருப்பைத் தாங்கும் காடும் தாங்காத காடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இதுதான் சிக்கல்.

வெள்ளைக்காரன் கிழித்த கோடு

ஆங்கிலேயர்களுக்குக் குற்றாலம் முதலில் ஒரு தோட்டம். கிழக்கிந்தியக் கம்பெனி ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டை போன்ற வாசனைப் பயிர்களை இங்கே நட்டு வளர்த்துப் பார்த்தது. 1830களில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் இங்கே செடிகள் சேகரித்தார். காடு முழுவதையும் அரசின் சொத்தாகப் பார்க்கும் பார்வை அதற்குப் பிறகு வந்தது. கப்பலுக்குத் தேக்கு வேண்டும், 1850களுக்குப் பிறகு ரயில் பாதைக்குக் கட்டைகளும் எஞ்சினுக்கு விறகும் வேண்டும்.

1856இல் ஹியூ கிளெகார்ன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். மலைவாசிகள் சுட்டு விதைக்கும் முறையைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். அடுத்து 1864இல் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் இந்தியாவின் முதல் தலைமை வன அதிகாரி ஆனார். அதே 1860களின் நடுவில் மத்திய மாகாணத்தின் போரி காட்டில் கர்னல் பியர்சன் என்பவர் ஒரு சோதனை செய்தார். காட்டைச் சுற்றிலும் அகலமான பட்டையாகப் புல்லை வெட்டி, வெயில் முற்றும் முன்பே அதைத் தானே எரித்துவிட்டு, கோடை முழுக்க ஆட்களைக் காவலுக்கு நிறுத்தினார். வெளியிலிருந்து வந்த தீ அந்தப் பட்டையைத் தாண்ட முடியவில்லை. சோதனை வெற்றி.

இந்த இரண்டு விஷயம்தான் அதன் பிறகு இந்தியா முழுவதும் பரவியது. ஒன்று தீத்தடுப்புக் கோடு, இன்னொன்று கோடைக்கு மட்டும் கூலிக்கு எடுக்கப்படும் காவல் ஆள். நம் மலையில் இன்றும் நடப்பது இதேதான்.

இங்கே சென்னை மாகாணத்தைப் பற்றி ஒரு சுவாரசியமான தகவல். 1878இல் இந்தியா முழுமைக்குமாக ஒரு கடுமையான வனச்சட்டம் வந்தபோது சென்னை அரசு அதை ஏற்கவில்லை. இங்குள்ள காடுகள் எல்லாவற்றிலும் ஊர்க்காரர்களுக்கு ஏதாவது ஒரு உரிமை இருக்கிறது, அரசு முழுவதுமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது இங்குள்ள வருவாய்த்துறையின் வாதம். கடைசியில் பிராண்டிஸ் 1881இல் இங்கே வந்து ஆராய்ந்த பிறகு, தனியாக 1882ஆம் ஆண்டு சென்னை வனச்சட்டம் உருவானது. தமிழ்நாடு வனச்சட்டம் என்ற பெயரில் அதே சட்டம்தான் பல திருத்தங்களோடு இன்றுவரை இருக்கிறது. காப்புக்காட்டில் தீ வைப்பது அப்போதிருந்தே குற்றம். செங்கோட்டைப் பக்கம் மட்டும் அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம். 1956 நவம்பர் 1இல்தான் அது தமிழகத்தோடு சேர்ந்தது.

தீயை அணைப்பது ஊர்க்காரர்களுக்குக் கடமையாகவும் ஆக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டத்தில் 79ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்று பாருங்கள். காட்டில் மேய்க்கவோ விறகு எடுக்கவோ உரிமை உள்ளவர்கள், தீயைக் கண்டால் உடனே தகவல் தர வேண்டும், யாரும் கூப்பிடாவிட்டாலும் போய் அணைக்க வேண்டும். அதே சட்டத்தின் 26ஆவது பிரிவில், வேண்டுமென்றோ பெரும் அலட்சியத்தாலோ தீ வைக்கப்பட்டால் அந்தக் காட்டில் மேய்ச்சல் உரிமையையே நிறுத்தி வைக்கலாம் என்றும் இருக்கிறது. யாரோ ஒருவர் வைத்த தீக்கு ஊருக்கே தண்டனை!

இப்படிச் செய்தால் என்ன ஆகும்? 1921 கோடையில் இமயமலையின் குமாவுன் பகுதியில் பதில் கிடைத்தது. காடுகளை அரசு ஒதுக்கிக்கொண்டதையும் கட்டாய வேலை வாங்கியதையும் எதிர்த்து மக்கள் பைன் காடுகளுக்குத் தீ வைத்தார்கள். அணைக்க ஆள் கூப்பிட்டால் யாரும் வரவில்லை. தங்களுடையது அல்லாத காட்டை ஏன் அணைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. மலையின் தீ வரலாற்றை ஒரே கேள்வியில் அடக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

அணைப்பதே சரியா?

அதிகாரிகளுக்குள்ளும் இந்தச் சந்தேகம் சீக்கிரமே வந்துவிட்டது. பர்மாவில் தேக்குக் காடுகளைப் பல வருடம் தீ படாமல் காத்தார்கள். பார்த்தால் மூங்கிலும் வேறு மரங்களும் அடர்ந்து தேக்குக் கன்றே முளைக்கவில்லை. எச். ஸ்லேட் என்ற அதிகாரி 1896இல் "இந்தியன் ஃபாரஸ்டர்" இதழில், பர்மாவில் அளவுக்கு மீறித் தீயைத் தடுக்கிறோம் என்று எழுதினார். பெரிய விவாதம் நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கே பல காடுகளில் தீத்தடுப்பைக் கைவிட்டார்கள்.

அமெரிக்கா நேர் எதிராகப் போனது. 1910 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் சூறைக்காற்றோடு வந்த தீ சுமார் 30 லட்சம் ஏக்கரை எரித்தது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். அவர்கள் யார் தெரியுமா? சுரங்கத் தொழிலாளிகள், ரயில்பாதைக் கூலிகள், வேலை தேடி அலைந்தவர்கள். மணிக்கு 25 சென்ட் கூலி. எட்வர்ட் புலாஸ்கி என்ற வன ஊழியர் சுமார் 40 பேரை ஒரு சுரங்கத்துக்குள் தள்ளி உயிர் பிழைக்க வைத்தார். ஒரு பக்கம் கோடாலியும் மறு பக்கம் மண்வெட்டியுமாக இருக்கும் தீயணைப்புக் கருவி அவர் பெயரால்தான் இன்றும் அழைக்கப்படுகிறது.

அந்த அதிர்ச்சியில் அமெரிக்க வனத்துறை எல்லாத் தீயையும் அணைத்தே தீருவது என்று முடிவெடுத்தது. 1935இல் ஒரு விதி கூடப் போட்டார்கள்: இன்று கண்ட தீ மறுநாள் காலை 10 மணிக்குள் அடங்க வேண்டும். 1970களில்தான் அந்த விதியைக் கைவிட்டார்கள். அதற்குள் காட்டுக்குள் பல பத்தாண்டுக் காய்ந்த விறகு சேர்ந்துவிட்டது. இன்று அங்கே எரியும் பெருந்தீக்கு வெப்பமாகும் பருவநிலையோடு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் இந்தத் தீயணைப்புக் குழுக்களில் வேலைக்குப் போவதுண்டு. பயிற்சி, தலைக்கவசம், தீ தாங்கும் சட்டை, ஆபத்தில் போர்த்திக்கொள்ளும் தீக்கூடாரம் எல்லாம் உண்டு. நம் ஊரில் கோடை விடுமுறைக்கு நாம் செல்போன் கடையில் நிற்போம், டியூஷன் எடுப்போம். மலைக்குத் தீ அணைக்கப் போவது வேறு ஆட்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு

1947க்குப் பிறகு கொடி மாறியது, கோடும் காவலும் மாறவில்லை. மாற்றம் வந்தது சரணாலயங்களோடு. முண்டந்துறை 1962இல், களக்காடு 1976இல், இரண்டும் சேர்ந்து 1988இல் புலிகள் காப்பகம். தென்காசி மாவட்டத்தில் கடையம் பகுதிக் காடு இந்தக் காப்பகத்தில் வருகிறது. கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரிப் பக்கத்துக் காடுகள் 2015இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் ஆயின. (தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில் என்பதால் சரணாலயத்தின் பெயரில் இன்னும் நெல்லை இருக்கிறது!)

இதில் கவனிக்க வேண்டியது 1990களின் நடுவில் களக்காடு முண்டந்துறையில் உலக வங்கி உதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டம். அடிவாரத்து ஊர்களில் கிராம வனக்குழு அமைத்தார்கள். காட்டு விறகை நம்பியிருந்த குடும்பங்களுக்குக் கடன், சாண எரிவாயு, வேறு தொழில் என்று கொடுத்தார்கள். விறகுக்கு மலை ஏறுவது வெகுவாகக் குறைந்தது. மலை ஏறும் கால்கள் குறைந்தால் தீயும் குறையும். வனக்குழு உள்ள ஊர்களிலிருந்தே தீக்காவலுக்கும் ஆள் எடுத்தார்கள். குமாவுனில் 1921இல் கேட்ட கேள்விக்கு இங்கே 70 வருடம் கழித்துத்தான் ஒரு பாதி பதிலாவது கிடைத்தது: காட்டில் ஊர்க்காரனுக்கும் ஒரு பங்கு இருந்தால் அவன் அணைக்க வருவான்.

ஒரு சீசன் வேலை என்பது

வேலை தீப்பிடித்த பிறகு ஆரம்பிப்பதில்லை. ஜனவரி, பிப்ரவரியிலேயே தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். மேக்கரை, வடகரை, பண்பொழி, புளியரை, சொக்கம்பட்டி என்று அடிவாரம் நெடுக ஊர்கள். அரிவாள், மண்வெட்டியோடு ஏறி, காட்டு எல்லையை ஒட்டியும் மலை முகட்டிலும் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லையும் சருகையும் செதுக்கி வெறுந்தரை ஆக்க வேண்டும். வெட்டிய புல்லைக் காற்று இல்லாத நேரம் பார்த்து அங்கேயே எரித்துவிட வேண்டும். தீ வந்தால் இந்த வெறுந்தரையில் தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும். காற்று பலமாக இருந்தால் பொறி பறந்து தாண்டுவதும் உண்டு.

பிறகு காவல். உயரமான பாறையில் உட்கார்ந்து புகை தெரிகிறதா என்று பார்ப்பது. குடிக்கத் தண்ணீரைச் சுமந்துதான் போக வேண்டும், ஓடைகள் வற்றிய மாதம் அது. யானை, கரடி பயம் வேறு. புகை கண்டால் மூன்று நாலு மணி நேரம் நடந்தால்தான் பல இடங்களுக்குப் போய்ச் சேர முடியும். தீயணைப்பு வண்டி மலையடிவாரத்தோடு நின்றுவிடும். குழாய் கிடையாது, தண்ணீர் கிடையாது.

அப்புறம் எப்படி அணைப்பது? இலை அடர்ந்த பச்சைக் கிளையை ஒடித்து, தீயின் ஓரத்தில் வரிசையாக நின்று அடிப்பார்கள். ஓங்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் பற்றும். அழுத்தித் தேய்த்து, காற்றுப் போகாமல் மூச்சடைக்க வைக்க வேண்டும். தீக்கு முன்னால் நிற்கக் கூடாது, பக்கவாட்டிலிருந்தும் எரிந்து முடிந்த கரிப் பக்கத்திலிருந்தும்தான் நெருங்க வேண்டும். மேட்டில் நின்று கீழிருந்து வரும் தீயை எதிர்க்கவே கூடாது. பகலில் மலைக்காற்று மேல்நோக்கி ஏறும், இரவில் குளிர்ந்து கீழ்நோக்கி இறங்கும். அதனால் இரவிலும் விடியற்காலையிலும் அணைப்பது கொஞ்சம் சுலபம். அதற்காக இருட்டில் பாறைச்சரிவில் நடக்க வேண்டும்.

அடித்து அடங்காத தீக்கு எதிர்த்தீ. வரும் தீக்கு முன்னால் தூரத்தில் ஒரு கோடு செதுக்கி, அந்தக் கோட்டிலிருந்து தீயை நோக்கி இவர்களே நெருப்பு வைப்பார்கள். இரண்டும் நடுவில் சந்தித்து, எரிய ஒன்றும் இல்லாமல் செத்துப்போகும். காற்றைத் தப்பாகக் கணித்தால் வைத்தவர்கள் மேலேயே திரும்பும். இதற்குப் பாடப்புத்தகம் படித்தவர் வேண்டாம், அந்த மலையின் காற்று தெரிந்தவர் வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. புகைந்து கொண்டிருக்கும் கட்டைகளைப் புரட்டி மண் போட்டு மூட வேண்டும். விட்டால் மறுநாள் மதியக் காற்றில் மறுபடி கிளம்பும். சமீப வருடங்களில் சருகை ஊதித் தள்ளும் இயந்திரம் முதுகில் ஏறியிருக்கிறது. கோடு போட அது பெரிய உதவி. மற்றபடி பியர்சன் காலத்து ஆளும் இன்றைய ஆளும் சந்தித்தால் ஒருவர் வேலை இன்னொருவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்காது.

ஜூனில் சாரல் விழுந்ததும் வேலை முடிந்தது. ஊரே கொண்டாடும் முதல் சாரல், இவர்களுக்குக் கூலி நிற்கும் நாள். அடுத்த பிப்ரவரி வரை தோப்பு வேலை, கொத்து வேலை, செங்கல் சூளை என்று ஏதாவது பார்க்க வேண்டும். பத்து சீசன் மலை ஏறியவருக்கும் அது பத்து வருட வேலையாகக் கணக்கில் வராது.

வானத்திலிருந்து ஒரு கண்

நடுவில் விஞ்ஞானம் வந்தது. அமெரிக்காவின் டெரா (1999), அக்வா (2002) செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி பூமியில் சூடான புள்ளிகளைக் கண்டுபிடிக்கும். அதை வைத்து டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் மாநிலங்களுக்குத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. பிறகு வந்த கருவிகள் இன்னும் சின்னத் தீயையும் பிடிக்கின்றன. இன்று எச்சரிக்கை நேராக வன ஊழியரின் செல்போனுக்கே வந்துவிடும். நாட்டின் காட்டுப் பரப்பில் 36 சதவீதத்துக்கு மேல் அடிக்கடி தீப்பிடிக்கக் கூடியது என்று அந்த நிறுவனத்தின் 2019 அறிக்கை சொல்கிறது.

700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தீயைப் பார்க்க முடிகிறது, பெரிய சாதனைதான். ஆனால் செய்தி வந்த பிறகு அந்தக் கடைசி ஐந்து கிலோமீட்டரை யாராவது நடந்துதான் கடக்க வேண்டும். 

கொடுத்த விலை

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். சுமார் 36 பேரில் 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, பிற்பகல் காற்று... மேலே சொன்ன அத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்த நாள் அது. ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் வந்தது எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு முன்பே ஓடிப்போனவர்கள் உள்ளூர் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும். போர்வையில் டோலி கட்டி இருட்டில் சுமந்து இறக்கினார்கள். அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டு வந்தது.

தீயணைக்கப் போனவர்களே இறந்ததும் உண்டு. 2017 பிப்ரவரியில் கர்நாடகத்தின் பந்திப்பூரில் ஒரு வனக்காவலர். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் மூன்று காவலர்கள், தீக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். 2024 ஜூன் 13இல் உத்தராகண்டின் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்க வண்டியில் போன குழுவில் நான்கு பேர் அங்கேயே இறந்தார்கள். இவர்களில் தினக்கூலி ஆட்களும் சீசன் ஆட்களும் இருந்தார்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் உலக வங்கியும் 2018இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையிலேயே, களத்தில் நிற்பவர்களுக்குக் கருவியும் பயிற்சியும் போதவில்லை என்று இருக்கிறது.

கடைசியாக

எந்தக் காட்டை எரிய விடலாம், எதை அணைத்தே ஆக வேண்டும் என்ற விவாதம் ஸ்லேட் காலத்திலிருந்து நடக்கிறது, இனியும் நடக்கும். அதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் மலைக்கு ஆள் வேண்டும். முன்கூட்டியே அளவாக எரிப்பதற்கும் ஆள் வேண்டும், அணைப்பதற்கும் ஆள் வேண்டும். அந்த ஆள், மலையின் காற்றும் பாதையும் ஓடையும் தெரிந்த அடிவாரத்துக்காரர். 150 வருடமாகச் சட்டம் அவரைச் சில நேரம் தீ வைப்பவர் என்று சந்தேகப்பட்டது, சில நேரம் கட்டாயத்துக்கு இழுத்தது, இப்போது சீசன் கூலி கொடுக்கிறது. அவர் தெரிந்து வைத்திருப்பதை ஒரு தொழிலறிவு என்று மதித்து, நல்ல பூட்ஸ், காப்பீடு, ஆண்டு முழுவதும் வேலை என்று கொடுப்பதுதான் பாக்கி இருக்கிறது. மழைக்காலத்தில் கன்று நடவும், உண்ணிச்செடி பிடுங்கவும், பாதை சரி செய்யவும் மலையில் வேலைக்கா பஞ்சம்?

அடுத்த ஆடியில் நீங்கள் குற்றாலத்துக்கு வந்து பேரருவியில் தலையைக் கொடுக்கும்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவது மேலே உள்ள காட்டின் சருகும் மண்ணும்தான். அது எரியாமல் மிச்சம் இருப்பதற்குப் பங்குனி வெயிலில் யாரோ கிளையை ஒடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

உங்கள் ஊர் மலையில் தீக்காவலுக்குப் போனவர்கள் உங்கள் வீட்டில், தெருவில் யாராவது இருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்தச் சரிவுக்கு என்ன பெயர், எந்தக் காற்று எப்போது திரும்பும், எந்த வருடம் பெரிய தீ... இதெல்லாம் எந்த அலுவலகக் கோப்பிலும் முழுதாக இல்லை. அவர்கள் தலைக்குள் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.